சுமை இறக்கிய பாட்டு

பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூவரைப் பற்றியே எழுதுவர். இயற்றியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். நான்காமவர் ஒருவரும் உண்டு. அவரே கேட்டவர். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் ஏறுவதில்லை. திரைப்படத்தின் தொடக்கத்திலும் அவருக்கு இடமில்லை. ஆயினும் ஒரு பாட்டு ஓராண்டில் மறைவதும், அறுபது ஆண்டுகள் கடந்து வாழ்வதும் அந்த நான்காமவர் கையில்தான் இருக்கின்றன. 'மயக்கமா கலக்கமா' என்னும் திரைப்பாட்டை அவர் பக்கத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்து விஷ்ராந்த்வாடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாமும் அந்த நான்காமவர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

பெயரின் பொருள்

இப்பாட்டு இடம்பெற்ற படம் 'சுமைதாங்கி'. ஸ்ரீதர் இயக்கத்தில் ஜெமினி கணேசனும் தேவிகாவும் நடிக்க, 1962 ஆம் ஆண்டு வெளிவந்தது. குடும்பத்தின் சுமையைத் தன் தோளில் ஏற்ற ஒருவனின் கதை அது.

புணேயில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சுமைதாங்கியைக் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகச் சற்று விளக்குவோம். மக்கள் தலைச்சுமையோடு நெடுவழி நடந்த காலத்தில், சாலையோரத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைப் படுக்கையாகக் கிடத்தி வைப்பர். சுமையைத் தரையில் இறக்கினால் மீண்டும் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். சுமைதாங்கியின்மேல் இறக்கினாலோ, இளைப்பாறிய பின் தானே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு நடக்கலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக உறவினர் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. இறக்கப்படாத ஒரு சுமையின் நினைவாகப் பிறர் சுமையை இறக்க ஓரிடம் செய்து வைத்தனர் நம் முன்னோர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சுமைதாங்கி எவருடைய சுமையையும் போக்குவதில்லை. சிறிது நேரம் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது, அவ்வளவே. அந்தச் சிறிது நேரந்தான் வழிப்போக்கனை ஊர் கொண்டு சேர்க்கிறது. நாம் குடியேறிய இவ்வூரின் பெயரிலுள்ள 'விஷ்ராந்த்' என்னும் சொல்லுக்கும் இளைப்பாறுதல் என்பதே பொருள். ஆலந்தியிலிருந்து புறப்படும் ஞானேசுவரர் பல்லக்கு ஆண்டுதோறும் திகி, விஷ்ராந்த்வாடி வழியாகவே புணே நகருக்குள் செல்கிறது. உடன் நடக்கும் வார்க்கரிகள் களைப்பை அபங்கம் பாடியே ஆற்றிக்கொள்வதை நாம் வாசலில் நின்று கண்டிருக்கிறோம். நடப்பவனுக்குப் பாட்டு எதற்கு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பாட்டைத் தந்த மூவர்

இயற்றியவர் கவிஞர் கண்ணதாசன். சிறுகூடல்பட்டியில் 1927 இல் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பிழைப்புத் தேடிச் சென்னை சென்றவர் அவர். இப்பாட்டு எழுதப்பெற்ற காலம் அவர் வாழ்வில் எளிதான காலம் அன்று. 1960 இல் அவர் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' என்னும் படம் தோல்வியுற்று அவருக்குப் பெருங்கடனைத் தேடித் தந்தது. படத்தின் பெயருக்கும் விளைந்த பயனுக்கும் எவ்வளவு தொலைவு! 1961 இல் தாம் வளர்ந்த அரசியல் இயக்கத்தையும் விட்டு வெளியேறினார். வாழ்வில் துன்பம் எவருக்கும் உண்டு; வாடி நிற்பதால் அது நீங்குவதில்லை; நம்மிலும் தாழ்ந்தோரை எண்ணி மனத்தை நிலைநிறுத்துவோம் என்பது இப்பாட்டின் திரண்ட கருத்து. அதனைக் கரையில் நின்று சொல்லவில்லை அவர். வெள்ளத்தில் நின்றே சொன்னார்.

இசையமைத்தவர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இரட்டையர். 1965 இல் பிரியும் வரை இருவரும் ஒரு பெயராகவே வழங்கினர். 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'பாத காணிக்கை', 'ஆலயமணி', 'நிச்சய தாம்பூலம்' ஆகிய படங்களும் இதே 1962 இல் இதே கூட்டணியில் வெளிவந்தவையே. வாழ்க்கையின் நிலையாமையையும் ஆறுதலையும் பாடும் திரைப்பாடல்களுக்கு அவ்வாண்டு ஒரு பொற்காலம் எனலாம்.

பாடியவர் பி. பி. ஸ்ரீநிவாஸ். 1930 இல் காக்கிநாடாவில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு. 'பிரதிவாதி பயங்கரம்' என்பது அவர் குடும்பப் பெயர். எதிர்வாதம் செய்வோரை அஞ்சவைப்பவர் என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கியவரின் குரலோ எவரையும் அஞ்சவைக்காத குரல். உரத்துப் பாடி நெஞ்சைப் பிளக்கும் முறை அவருடையதன்று. அருகில் அமர்ந்து தோளில் கைவைத்துப் பேசுவதுபோல் பாடுவார். அறிவுரை சொல்லும் பாட்டுக்கு இக்குரலே ஏற்றது. உரத்த குரலில் சொல்லப்படும் அறிவுரையை எவரே கேட்பர்?

பாட்டு நம்மை அடைந்த வழி

அக்காலத்துத் திரைப்பாடல்கள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில் வந்தன. ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்றேறக்குறையவே இடமிருந்தது. அந்தச் சிற்றெல்லைக்குள் ஒரு வாழ்க்கைத் தத்துவத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும். தட்டு வாங்கவும் கருவி வாங்கவும் வசதி பெற்றோர் சிலரே. எனவே பெரும்பாலோர்க்குப் பாட்டைத் தந்தது வானொலியே.

அவ்வானொலிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952 இல் பொறுப்பேற்ற ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரையிசையை விரும்பாதவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் சில ஆண்டுகள் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அந்த வெற்றிடத்தை 1950 முதல் வர்த்தக ஒலிபரப்பு நடத்திவந்த இலங்கை வானொலி நிரப்பியது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழர் வீடுகளில் உறவினர்போல் ஆயினர். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்டபின் திரைப்பாடல் மீண்டும் தாய்நாட்டு வானொலிக்குத் திரும்பியது. ஆகவே 1962 இல் பிறந்த பாட்டுக்கு இரு கரைகளிலும் வழி திறந்திருந்தது.

மராட்டிய மண்ணில் வாழ்ந்த நமக்கோ இவ்வழி குறுகியதே. உள்ளூர் ஒலிபரப்பில் தமிழ் கேட்பது அரிது. சிற்றலையில் முள்ளை மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கிடையே தமிழ்க் குரல் அகப்படுகிறதா என்று தேட வேண்டும். கிடைத்த பாட்டும் அலைபோல் எழுந்து அடங்கும். பாதி காதில் விழும். மீதியை நெஞ்சு நிரப்பிக்கொள்ளும். பின்னர் ஒலிநாடா வந்து இக்குறை நீங்கிற்று. ஊருக்குச் சென்று திரும்புவோர் முறுக்கோடும் ஊறுகாயோடும் பாட்டு நாடாக்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தனர்.

புகழ்பெற்ற ஒரு கேட்பவர்

இப்பாட்டைக் கேட்டவர்களுள் நாடறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் கவிஞர் வாலி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி. எஸ். ரங்கராஜன் என்னும் அவ்விளைஞர் திரைப்பாட்டு எழுதும் ஆசையோடு சென்னை வந்தார். ஆண்டுகள் சில கடந்தும் வாய்ப்புகள் வளரவில்லை. இனி இங்கிருந்து பயனில்லை என்று ஊர் திரும்ப முடிவு செய்திருந்த வேளையில், நண்பர் பி. பி. ஸ்ரீநிவாஸ் அவரைக் காண வந்தார். அண்மையில் என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, அவர் 'மயக்கமா கலக்கமா' பாட்டைப் பாடிக் காட்டினார். கேட்டு முடித்த வாலி ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டார். இதனை வாலியே எழுதியும் மேடைகளில் சொல்லியும் வந்தார்.

பின் நடந்தது யாவரும் அறிந்ததே. 1963 இல் வெளிவந்த 'கற்பகம்' அவருக்குப் பெயர் தந்தது. 1964 இல் 'படகோட்டி' அப்பெயரை நிலைநாட்டியது. கண்ணதாசனோடு ஒப்பவைத்துப் பேசப்படும் கவிஞராக அவர் உயர்ந்தார். ஒரு கவிஞனின் பாட்டு அவனுக்கு இணையாக வரப்போகும் இன்னொரு கவிஞனைக் காத்துத் தந்தது என்பது இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி அன்றோ!

நம் வட்டாரத்து நினைவுகள்

வாலிக்கு நேர்ந்தது நூலில் ஏறிவிட்டது. நூலில் ஏறாத நினைவுகள் எத்தனையோ! 1869 இல் தொடங்கப்பட்ட கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், 1939 இல் அமைந்த லோஹகாவ் விமானப்படைத் தளமும், அவற்றையொட்டி வளர்ந்த படைத்துறை அலுவலகங்களும் பணிமனைகளும் தமிழர் பலரை இவ்வட்டாரத்துக்குக் கொண்டுவந்தன. அத்தலைமுறையினர் சிலரிடம் இப்பாட்டைப் பற்றி நாம் கேட்டோம். சொன்னவர் பெயரை விடுத்துச் சொன்னதை மட்டும் ஈண்டுத் தருகிறோம்.

பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கூறினார்: "மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். மூவருக்கும் பொதுவாக ஒரு டிரான்சிஸ்டர். சம்பளம் வாங்கியதும் அப்பாவுக்கு மணியார்டர் அனுப்புவேன். அதன் அடிச்சீட்டில் இரண்டு வரி எழுத இடமிருக்கும். 'நான் நலம்' என்று மட்டும் எழுதுவேன். எழுதாமல் விட்டதையெல்லாம் இந்தப் பாட்டு வரும்போது நினைத்துக்கொள்வேன்."

விமானப்படையில் பணியாற்றிய மற்றொருவருக்குப் பாட்டின் கருத்து பெரிதன்று, குரலே பெரிது. "அந்தக் குரல் அழுவதில்லை, நம்மையும் அழவிடுவதில்லை. என் மராத்தி நண்பருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டு, 'உங்கள் ஊர்த் தலத் மஹ்மூத் இவர்' என்றார்," என்று அவர் நினைவுகூர்ந்தார்.

மணமாகி இங்கு வந்த நாள் முதல் அடுக்களையே உலகமாக வாழ்ந்த அத்தை ஒருவர் நேர்மாறாகச் சொன்னார்: "அந்தப் பாட்டு ஆண்களுக்கு. கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு மொழி தெரியாத ஊரில் குழாயடியில் இடம் பிடித்துத் தந்தவள் பக்கத்து வீட்டு ஆயி. அவள் திரிகையில் மாவு அரைக்கும்போது பாடும் ஓவிதான் எனக்கு ஆறுதல். பொருள் புரிய மூன்று வருஷம் ஆயிற்று. புரியாதபோதும் ஆறுதலாகத்தான் இருந்தது."

இங்கேயே பிறந்து, தமிழைக் கேட்கவும் பேசவும் அறிந்து, படிக்க அறியாத இளம்பெண் ஒருத்தி, தந்தையின் ஒலிநாடாவிலிருந்து இப்பாட்டை மனப்பாடம் செய்தவள். அவள் கேட்ட வினா நம்மை நிறுத்திவிட்டது: "மாமா, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து நாம் நிம்மதி அடைவது சரியா? அவர்கள் யாரை நினைத்து நிம்மதி அடைவார்கள்?"

ஆறுதலா, அடங்குதலா?

இவ்வினா புதிதன்று. பாட்டு பிறந்த காலத்திலேயே திரைப்பாட்டில் வேறொரு மரபும் இருந்தது. 1959 இல் இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உழைப்பவன் தன் நிலையை மாற்ற எழவேண்டும் என்று பாடியவர். அம்மரபில் நிற்போர்க்கு 'மயக்கமா கலக்கமா' அடங்கிப்போகச் சொல்லும் பாட்டாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பசித்தவனிடம் உன்னிலும் பசித்தவன் உண்டு என்று சொல்வது உணவாகாது என்பர் அவர்.

கடல் கடந்தும் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்த்தெடுத்த ஓர் இசை உண்டு. ஆன்மா எனப் பொருள்படும் 'சோல்' என்பதே அதன் பெயர். அதன் முன்னோடிகளுள் ஒருவர் சாம் குக். 1931 இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அவரைக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் சிகாகோவுக்கு அழைத்துச் சென்றனர். தென்மாநிலங்களின் இனக்கொடுமையையும் வறுமையையும் விட்டு வடக்கே குடிபெயர்ந்த பெருங்கூட்டத்தில் அக்குடும்பமும் ஒன்று. 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகர விடுதி ஒன்று, நிறம் காரணமாக அவருக்கு இடம் தர மறுத்தது. அதன்பின் அவர் இயற்றிப் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' 1964 இல் வெளிவந்தது. மாற்றம் வந்தே தீரும் என்பது அதன் பொருள். அவ்வாண்டு டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குடியுரிமைப் போராட்டத்தில் நின்ற மக்கள் அப்பாட்டைத் தம் பாட்டாக ஏற்றுக்கொண்டனர்.

ஒன்று மாற்றம் வரும் என்கிறது. மற்றொன்று மனம் தளராதே என்கிறது. ஒன்றை வீரப் பாட்டென்றும் மற்றொன்றைச் சோர்வுப் பாட்டென்றும் பிரித்துவிடலாமா? கேட்டவர்களின் வரலாற்றை நோக்கினால் அவ்வாறு பிரிக்க இயலவில்லை. சாம் குக்கின் பாட்டிலும் களைப்பு உண்டு, அச்சம் உண்டு. அவற்றைச் சொல்லிய பின்னரே நம்பிக்கை பிறக்கிறது. கண்ணதாசன் பாட்டைக் கேட்ட வாலியோ அடங்கிப் போகவில்லை. சென்னையிலேயே தங்கினார், வாய்ப்புத் தேடினார், எழுதினார், வென்றார். மணியார்டர் அனுப்பிய நம் பெரியவரும் மறுநாள் வேலைக்குச் சென்றார், தம்பியைப் படிக்கவைத்தார், தங்கைக்கு மணம் முடித்தார்.

வள்ளுவர் வைத்த முறை

இவ்வழக்கைத் தீர்க்க நமக்கொரு துணை உண்டு. திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' என்பது 63 ஆம் அதிகாரம். துன்பம் வந்தபோது மனம் உடையாதிருத்தலைச் சொல்வது. அதனை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பதே கருதத்தக்கது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றையும் சொல்லிய பின்னரே இதனை வைத்தார். ஊக்கம் கொள், சோம்பலை விடு, முயற்சி செய், இவ்வளவும் செய்தும் துன்பம் வந்தால் அழிந்துவிடாதே என்பது அவர் முறை. முயலாதவனுக்குச் சொல்லிய ஆறுதல் அன்று அது. முயன்று இளைத்தவனுக்குச் சொல்லியது.

புறநானூற்றிலும் இம்மரபு உண்டு. ஒரு மனையில் சாவும் ஒரு மனையில் மணமும் ஒரே வேளையில் நிகழும் உலகியல்பைப் பக்குடுக்கை நன்கணியார் 194 ஆம் பாட்டில் காட்டுகிறார். அவ்வுலகில் நல்லதைத் தேடிக்கொள்ளுமாறு சொல்லியே முடிக்கிறார். உலகம் கொடிது என்பதை மறைக்காமல் சொல்வதே அவர் தரும் ஆறுதலின் வலிமை. திரைப்பாட்டு இம்மரபின் கடைக்குட்டி. ஏட்டிலிருந்ததை எளிய சொல்லில் தெருவுக்குக் கொண்டுவந்தது அதன் தொண்டு.

ஆகவே இளம்பெண்ணின் வினாவுக்கு நம் விடை இது. பிறர் துன்பத்தைக் கண்டு நிம்மதி கொள்வது சரியன்று. அவள் சொல்வது உண்மை. ஆயினும் தாழ்ந்தோரை எண்ணிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. துன்பம் தனக்கு மட்டுமே வந்தது என்னும் எண்ணம் அப்போது நீங்குகிறது. தனிமை நீங்கியவனுக்கே பிறர்க்குக் கைகொடுக்கத் தோன்றும். குழாயடியில் இடம் பிடித்துத் தந்த ஆயிக்கும் சுமை இருந்திருக்கும். அவர் அத்தையைக் கண்டு நிம்மதி கொள்ளவில்லை; கை நீட்டினார். பாட்டைக் கேட்டுப் பெருமூச்சு விட்டு அமர்வதும், கேட்டு எழுந்து கை நீட்டுவதும் கேட்பவர் கையில் உள்ளன. அத்தையின் குறை பாட்டின்மேல் அன்று. கேட்டும் அடுக்களைச் சுமையில் பங்குகொள்ளாத நம்மேல்தான்.

எழுதி வைப்போம்

கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று, சாம் குக் வளர்ந்த அதே சிகாகோ நகரில் மறைந்தார். பி. பி. ஸ்ரீநிவாஸ் 2013 ஏப்ரல் 14 அன்றும், ராமமூர்த்தி மூன்று நாள் கழித்து ஏப்ரல் 17 அன்றும் மறைந்தனர். வாலி அதே ஆண்டு சூலை 18 அன்று சென்றார். விஸ்வநாதன் 2015 சூலை 14 அன்று விடைபெற்றார். பாட்டைத் தந்தவர் எவரும் இன்று இல்லை. பாட்டு இருக்கிறது, எங்கும் எப்பொழுதும் கேட்கக் கிடைக்கிறது. சிற்றலையில் முள் திருப்பித் தேடவேண்டிய தேவை பிள்ளைகளுக்கு இல்லை.

ஆயினும் அதனை இரைச்சலுக்கிடையே தேடிக் கேட்ட தலைமுறை நம்மிடையே குறைந்துவருகிறது. 'நான் நலம்' என்று மட்டும் எழுதி அனுப்பிய அடிச்சீட்டுகள் எங்கும் இல்லை. எழுதாமல் விட்டவை சிலர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. பாட்டின் சொற்களை எந்த நூலிலும் காணலாம். அது எவருடைய எந்தச் சுமையை எந்த நாளில் வாங்கி வைத்துக்கொண்டது என்பதை அவர்களிடமே கேட்டறிய முடியும். பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து, 'இந்த ஊருக்கு வந்த புதிதில் நீங்கள் கேட்ட பாட்டு எது?' என்று ஒருமுறை கேட்கட்டும். சொல்வதை எந்த எழுத்தில் எழுதத் தெரியுமோ அந்த எழுத்தில் எழுதி வைக்கட்டும். புணேத் தமிழரின் வரலாறு எழுதப்படும் நாளில், தொழிற்சாலைப் பதிவேடுகளுக்கும் சங்கத்தின் ஆண்டறிக்கைகளுக்கும் பக்கத்தில் வைக்கத்தக்க ஆவணம் அதுவாகவே இருக்கும்.